மூன்றரை ஹெர்ட்ஸ்

வீட்டில் நான் பாடிப் பழக ஆரம்பித்தால் என் மனைவி வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் பாடுவது பாட்டு மாதிரி இருக்காது. ஒரே சுரத்தில் ஆறேழு எழுத்து, காரணமே இல்லாமல் மேலே ஒரு தாவல், மறுபடி கீழே இறங்கி அங்கேயே நிற்பது. "கிறிஸ்துமஸ் பாட்டுன்னு சொன்னீங்க. இது என்னங்க, கொசு சுத்துற மாதிரி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். சரியாகத்தான் கேட்டாள். பாரிடோன்காரனைத் தனியாகப் பாடவிட்டால் எந்தப் பாட்டும் கொசு சுற்றுகிற மாதிரிதான் கேட்கும். மெட்டு அவனிடம் இல்லை. உச்சியில் மினுக்குவது டெனர், அடியில் உருளுவது பாஸ், மெட்டைத் தூக்கிப் போவது லீட். இந்த மூவரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் கிடக்கும் சுரங்களைப் பொறுக்கி ஒரு வரியாக்கினால் அதுதான் பாரிடோன். பதினொரு வருடமாக அந்த மிச்சத்தைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் பதினாறு பேர். ஜார்ஜ் டவுனில் பினாங்கு ரோட்டை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வியாழக்கிழமை இரவு எட்டரைக்குக் கூடுவோம். எட்டரை என்றால் ஒன்பது. மழை பெய்தால் ஒன்பதரை. ஆரம்பத்தில் ஆலயப் பாடகர் குழுவின் ஆண்கள் பக்கமாக மட்டும் இருந்தோம். பினாங்கு ரோட்டிலேயே புனித பிரான்சிஸ் சேவியர் ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான பங்கு அது. இந்த ஊரில் தமிழ்ப் பாட்டும் மேற்கத்திய மெட்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் வழிக் கீர்த்தனையைத் தாளம் போட்டுப் பாடும் அதே வாய், அடுத்த நிமிடமே ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டையும் பாடும். ஆனால் வாத்தியம் இல்லாமல், நாலு குரலை மட்டும் நம்பி நிற்பது வேறு வேலை. அதை எங்களுக்குப் பிடிக்கவைத்தவர் மாஸ்டர். பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் கர்நாடக வயலின், பிறகு ஆலயத்து ஆர்கன். இரண்டிலும் திட்டுவாங்கிப் படித்தவர் என்பதால் எங்களை இரண்டு விதமாகவும் திட்டுவார்.

குழுவில் எல்லோரும் ஆலயத்துக்காரர் இல்லை. எங்கள் டெனர்களில் ஒருவர் தண்ணீர்மலை முருகனுக்குத் தைப்பூசத்தன்று காவடிப் பாட்டுப் பாடுகிறவர். தைப்பூசம் முடிந்து இரண்டு வாரத்துக்கு அவருக்குக் குரல் இருக்காது. அந்த நாள்களில் நாங்கள் எந்த நிகழ்ச்சியும் ஒப்புக்கொள்வதில்லை. லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் பாஸ் பாடுகிறார். இரண்டு பேர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் தொழில்நுட்பன். ஒரு கருவி 5 வோல்ட் என்று காட்டினால் அது உண்மையிலேயே 5 வோல்ட்தானா என்று பார்த்து ஒட்டுச்சீட்டு ஒட்டுவது என் பிழைப்பு. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

நாங்கள் பாடும் இந்த நாலு குரல் பாணிக்குப் பெயர் பார்பர்ஷாப். அந்தப் பெயரைச் சொன்னாலே ஊரில் சிரிப்பார்கள். "முடி வெட்டிக்கிட்டே பாடுவீங்களா?" என்பார்கள். பெயருக்குக் காரணம் முடிதிருத்தும் கடைதான். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் பார்பர் கடைச் சுவரில் சிட்டர்ன் என்ற தந்தி வாத்தியம் தொங்கும். முறை வரும்வரை காத்திருப்பவர் அதை எடுத்து மீட்டலாம். ஆனால் இப்போது நாங்கள் பாடும் இந்தப் பாணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கறுப்பின ஆண்களிடம் உருவானது. பார்பர் கடை, தெருமுனை, எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் ஒருவர் மெட்டை எடுப்பார், மற்ற மூவர் காதால் துழாவித் தங்கள் சுரத்தைக் கண்டுபிடிப்பார்கள். நியூ ஆர்லியன்ஸில் சிறுவனாக இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கும் இப்படித் தெருவில் நாலு பேரில் ஒருவராகப் பாடியவர்தான்.

பிறகு 1938 ஏப்ரல் 11 அன்று ஓக்லஹோமாவின் டல்சா நகரில் ஓ.சி. கேஷ், ரூபர்ட் ஹால் என்ற இருவர் அழைப்பு அனுப்பி 26 ஆண்களைக் கூட்டினார்கள். அதிலிருந்து பெரிய சங்கம் வளர்ந்தது. அப்போது சங்கம் வெள்ளையருக்கு மட்டும். 1941இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துச் சுமைதூக்குவோர் நாலு பேர், ரெட் கேப்ஸ் என்ற பெயரில் பாடியவர்கள், உள்ளூர்ப் போட்டியில் வென்றும் தேசியப் போட்டியில் கறுப்பினத்தவர் என்பதால் தடுக்கப்பட்டார்கள். சங்கத்தில் பொறுப்பில் இருந்த ஆல் ஸ்மித்தும் ராபர்ட் மோசஸும் அதைக் கண்டித்து விலகினார்கள். இந்தப் பாணி யாருடையது என்பதை லின் அபட் என்ற ஆய்வாளர் 1992இல் ஆதாரங்களோடு எழுதினார். அதுவரை அது வெள்ளைச் சட்டை, கோடுபோட்ட கோட்டு, வைக்கோல் தொப்பி போட்டவர்களின் பாட்டாகவே படங்களில் இருந்தது. பாட்டை உண்டாக்கியவன் வாசலில் நிற்க, மற்றவர்கள் உள்ளே போட்டி வைத்த கதை நமக்கும் புதிதில்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தார்தான் கல்யாண மேளமும் வாசித்தார்கள். கத்தியும் நாயனமும் ஒரே வீட்டில் இருந்தன. அவர்கள் வாசித்தால்தான் தாலி ஏறும், ஆனால் பந்தியில் அவர்களுக்கு இடம் எங்கே என்பது வேறு கேள்வி.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

பார்பர்ஷாப்பில் ஒரு நாதக்கூட்டு உண்டு. அந்தப் பாணிக்கே அதுதான் உயிர். கர்நாடக முறையில் சொன்னால் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம், அதாவது ஹரிகாம்போதியின் ச-க-ப-நி, நாலும் ஒரே நேரத்தில். நம் சங்கீதத்தில் இந்த நாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். இங்கே நாலு தொண்டையில் ஒரே நொடியில் வரவேண்டும். ஷட்ஜம் பாஸிடம். காந்தாரம் லீடிடம். பஞ்சமம் டெனரிடம். பெரும்பாலும் நிஷாதம் என் தலையில் விழும்.

முதல் வருடம் அந்த நிஷாதத்தை நான் வெகு கச்சிதமாகப் பாடினேன். கைபேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கி, காரில் வேலைக்குப் போகும்போது, ஜெலுத்தோங் பக்கம் நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் பழகினேன். ஆறு கட்டைச் சுருதி. பாஸ் 110 ஹெர்ட்ஸ் ஷட்ஜம் பிடிப்பார். என் நிஷாதம் பியானோவில் 196 ஹெர்ட்ஸ். செயலியின் முள் நடுக்கோட்டில் வந்து நிற்கும்வரை விடமாட்டேன். கருவி சரிபார்க்கிறவன் அல்லவா, 196.0 என்று காட்டினால் ஒட்டுச்சீட்டு ஒட்டாத குறைதான். வியாழக்கிழமை போய் நின்று அதை அப்படியே பாடினேன். மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தம்பி, நீங்க பாடுறது சரியா?"

"சரிதான் மாஸ்டர். செக் பண்ணிட்டேன்."

"எதுகிட்ட?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் மற்ற குரல்களுக்கு ஒருவராக மூவரை மட்டும் சுரத்தைப் பிடித்து நிற்கச் சொன்னார். என்னை மட்டும் மெதுவாகக் கீழே வரச் சொன்னார். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... கத்தாதீங்க... இன்னும் ஒரு மயிரிழை." முதலில் ஒரு கரகரப்பு இருந்தது. மாவு அரைக்கிற கிரைண்டர் கல்லில் மணல் விழுந்த மாதிரி. நான் இறங்க இறங்க அந்தக் கரகரப்பின் வேகம் குறைந்தது, பிறகு ஒரு ஆட்டமாகி, பிறகு அதுவும் நின்றது. நின்ற நொடியில் அறையில் எங்கிருந்தோ ஐந்தாவது ஒரு குரல் கேட்டது. எங்கள் நாலு பேருக்கும் மேலே, யாருமே பாடாத உயரத்தில். ஜன்னல் கண்ணாடி ஒன்று லேசாக அதிர்ந்தது. லாரி அண்ணன் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் நிறுத்தியதும் அது போய்விட்டது.

அன்று இரவு தூங்காமல் கணக்குப் போட்டேன். பாஸ் 110 பாடும்போது அதோடு அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன: 220, 330, 440, 550, 660, 770. லீட் 275இல் நின்றால் அதன் இரட்டிப்பு 550. டெனர் 330இல் நின்றால் இரட்டிப்பு 660. நான் 192.5இல் நின்றால் என் நாலாவது மடங்கு 770. மூன்று இடத்தில் மூன்று பேரும் பாஸின் மடங்கின்மேல் போய் உட்கார்கிறோம். அங்கேதான் அந்த ஐந்தாவது குரல் இருக்கிறது. நான் அடம்பிடித்துப் பியானோவின் 196ஐப் பாடினால் நாலு மடங்கு 784. 770க்கும் 784க்கும் 14 வித்தியாசம். வினாடிக்கு 14 முறை இரண்டும் மோதிக்கொள்ளும். அதுதான் கிரைண்டரில் விழுந்த மணல். 196க்கும் 192.5க்கும் நடுவில் இருப்பதோ வெறும் மூன்றரை ஹெர்ட்ஸ். பியானோ தன் பன்னிரண்டு கட்டைகளையும் எல்லாச் சுருதிக்கும் பொதுவாகச் சமன் செய்துவைத்திருப்பதால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது. காந்தாரத்தில் 2 ஹெர்ட்ஸ் போல அது உயரம், பஞ்சமத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நிஷாதத்தில்தான் தவறு பெரியது. என் வரியில்தான்.

மாஸ்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "தம்புரா பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்களா?" என்றார். தம்புராவில் காந்தாரத்துக்குத் தந்தி கிடையாது. இருப்பது பஞ்சமமும் ஷட்ஜமும்தான். ஆனால் சுருதி சுத்தமாகச் சேர்ந்தால் மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாகக் கிளம்பும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். யாரும் மீட்டாத சுரம். "அதே ஆள்தான் இங்கயும் வர்றான். அங்க நாலு தந்தி, இங்க நாலு தொண்டை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நான் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் ஒரு கருவியை இன்னொரு கருவியோடு ஒப்பிட்டு, அதை அதைவிடப் பெரிய கருவியோடு ஒப்பிட்டு, கடைசியில் ஒரு நிரந்தர அளவுகோலில் போய் முடியும். இங்கே என் அளவுகோல் லாரி ஓட்டுகிறது. பாதிப் பாட்டில் அது இருமும்.

இதில் இன்னொரு சங்கடம். நிஷாதம் சரியான இடத்துக்கு வந்தால் அதைச் சத்தமாகவும் பாடக்கூடாது. ஷட்ஜமோ பஞ்சமமோ கையில் வந்தால் கொஞ்சம் தாராளமாகப் பாடலாம். காந்தாரமும் நிஷாதமும் வந்தால் அடக்கவேண்டும். பாரிடோன் வரி லீடுக்கு மேலேயும் கீழேயும் ஓயாமல் குறுக்கே போய்வரும். ஒரு எழுத்தில் ஷட்ஜம், அடுத்த எழுத்தில் நிஷாதம். ஆகவே எழுத்துக்கு எழுத்து என் சத்தத்தை ஏற்றி இறக்கவேண்டும், ஆனால் கேட்கிறவருக்கு ஏற்றி இறக்கியதே தெரியக்கூடாது. பதினோராம் வருடத்திலும் இதில் பாதிதான் எனக்குக் கைவந்திருக்கிறது.

காவடிப் பாட்டுக்கார நண்பருக்கு வேறு போராட்டம். அவர் குரலில் சுரம் சும்மா நிற்காது. தொட்டால் அசையும். அந்த அசைவில்தான் அவர் பாட்டின் அழகே இருக்கிறது. தண்ணீர்மலையில் அவர் பாடினால் கூட்டம் சிலிர்க்கும். இங்கே அவர் பஞ்சமத்தை ஒரு நூல் அசைத்தாலும் மேலே கிளம்பிய அந்த ஐந்தாவது குரல் ஓடிப்போய்விடும். "ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க" என்று மாஸ்டர் வியாழக்கிழமைக்கு முப்பது தடவை சொல்வார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் நண்பர் பஞ்சமத்தை ஆணி அடித்த மாதிரி நிறுத்தினார். முடிந்ததும் எங்களைப் பார்த்து, "நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சுய்யா" என்றார்.

பாதிப் பாட்டுகளைத் தமிழில்தான் பாடுகிறோம். அங்கேதான் உண்மையான வேலை. அமெரிக்கப் பாணிக்காரர்கள் உயிரெழுத்தைப் பற்றிப் பேசி மாய்ந்துபோவார்கள். நாலு பேரின் வாயும் ஒரே வடிவத்தில் திறந்தால்தான் மடங்குகள் சேரும். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கொடுத்து வைத்தது: ஆ, ஈ, ஊ, ஏ, ஓ. வளைவு நெளிவு இல்லாத நெடில்கள். "ஓ" என்று பதினாறு பேர் நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. தொல்லை கொடுப்பது குறில்.

மேற்கத்திய மெட்டில் நீண்ட சுரம் எந்த எழுத்தில் விழும் என்று அந்த மெட்டு தமிழைக் கேட்பதில்லை. எங்கள் ஆசிரியர் ஒருவர் மொழிபெயர்த்த பாட்டில் இடையர்கள் மலைமேல் இருந்தார்கள். மெட்டு "ம"வில் இரண்டு தாளம் நின்றது. அது "மாலைமேல்" ஆகிவிட்டது. இடையர்கள் சாயங்காலத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு வரியில் "விடு" என்று ஆண்டவரிடம் கெஞ்சவேண்டிய இடத்தில் "வீடு, வீடு" என்று பதினாறு ஆண்கள் மனை வாங்க வந்தவர்கள் மாதிரி பாடினோம். வரியை மாற்றி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. நீண்ட சுரத்துக்கு நெடில் வருகிற சொல்லைத் தேடவேண்டும். ஒரு பாட்டைத் தமிழாக்க ஒரு மாலை போதும், அதைப் பாடத்தக்கதாக்க இரண்டு மாதம்.

அதைவிட மோசம் குற்றியலுகரம். பாட்டு, காற்று, அன்பு, வந்து. கடைசி "உ"வுக்கு இலக்கணம் அரை மாத்திரைதான் கொடுத்திருக்கிறது. பேச்சில் நாம் அதை உதடு குவிக்காமல் விழுங்கிவிடுவோம். மெட்டு அங்கே வந்து நாலு தாளம் நிற்கும். அப்போது பதினாறு பேரும் பதினாறு விதமான உகரத்தைப் பிடிப்பார்கள். ஒருவர் "பாட்டூ", ஒருவர் "பாட்டெ", தமிழ்நாட்டுச் சினிமா அதிகம் பார்க்கிற ஒருவர் எதுவும் சொல்லாமல் வாயைத் திறந்து வைத்திருப்பார். நாதக்கூட்டு கூழாகிவிடும். பல வாரம் சண்டை போட்டு ஒரு முறைக்கு வந்தோம். நாலு தாளமும் "பா"விலேயே நிற்பது. சுரம் மாறினாலும் "ஆ"வை விடாதே. வெட்டுகிற நொடியில் மட்டும் "ட்டு" என்று ஒரு தட்டு. அன்புக்கு "அ"வில் நின்று, கடைசியில் "ன்பு". தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருவரும் இதை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அரை மாத்திரையை அரை மாத்திரையாகவே விட்டுவைத்ததற்குத் தொல்காப்பியர் நமக்கு நன்றி சொல்வார் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த "ட்டு"வைப் பதினாறு பேரும் ஒரே நொடியில் தட்டவேண்டும். இல்லையென்றால் தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி இருக்கும். "முத்து" என்ற ஒரு சொல்லுக்கு ஒருமுறை இருபது நிமிடம் செலவழித்தோம். "ஐ"யும் இப்படித்தான். அது "அ"வில் தொடங்கி "இ"யில் முடிகிறது. திரும்புவது எப்போது? லீட் சீக்கிரம் திரும்பி, பாஸ் சாவகாசமாகத் திரும்பினால் நடுவில் இருப்பவன் கழுத்துச் சுளுக்கும். மாஸ்டர் சுண்டுவிரலை மடக்கும்போதுதான் திரும்பவேண்டும். மேடையில் அவர் சுண்டுவிரலைப் பார்த்தீர்களானால் அது "ஐ" என்று அர்த்தம்.

நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் இருக்கையில் தாளைப் பார்த்துப் பாடுவது தடை. நாலு வாரம் இருக்கையில் அவரவர் குரல்காரர் பக்கத்தில் நிற்பது தடை. என் இரண்டு பக்கமும் டெனரும் பாஸும் இருப்பார்கள். ஒளிந்துகொள்ளப் பாரிடோன் கிடையாது. இரண்டு வாரம் இருக்கையில் பரீட்சை: ஒரு குரலுக்கு ஒருவர் என்று நாலு பேரை முன்னால் வரச்சொல்லி முழுப் பாட்டும் பாடவைப்பார். கை வியர்க்கும். பதினாறு பேரில் ஒருவனாக நிற்கும்போது எனக்குத் தெரிந்திருந்த வரி நாலு பேரில் ஒருவனாக நிற்கும்போது எங்கே போகிறதோ. மூச்சுக்கும் சட்டம் உண்டு. வரி முடிகிற இடத்தில் மூச்சு எடுக்கக்கூடாது, அங்கே எல்லோரும் எடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எடுக்கும்போதும் கூடாது. சொல்லின் நடுவில், நெடிலின் நடுவில், சத்தமில்லாமல் விலகி, சத்தமில்லாமல் திரும்ப நுழையவேண்டும். பந்தியில் இலையை விட்டு எழுந்துபோய்ப் பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் வந்து உட்கார்வது மாதிரி. பயிற்சி நாளில் ஐஸ் போட்ட எதுவும் கிடையாது. கீழே மாமாக் கடையில் "தே ஓ சுவாம்" என்று வெதுவெதுப்பாகக் கேட்டால் கடைக்காரத் தம்பி, "இன்னைக்கு வியாழக்கிழமையா அண்ணே?" என்பான்.

எங்கள் நிரந்தர வியாதி சுருதி இறங்குவது. மாஸ்டர் பிட்ச் பைப்பை ஊதித் தொடங்கிவைப்பார். மூன்று நிமிடம் கழித்துப் பாட்டு முடிந்ததும் மறுபடி ஊதுவார். நாங்கள் அரைச் சுரம் கீழே நிற்போம். பாடும்போது யாருக்கும் தெரியாது, எல்லோரும் சேர்ந்தே இறங்குவதால். படகு மூழ்கும்போது பயணிகளுக்குள் உயர வித்தியாசம் தெரியாதது போல. பெரும்பாலும் குற்றவாளி, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுகிறவன். அதாவது நான். ஆறு எழுத்தை ஒரே சுரத்தில் பாடினால் ஆறாவது எழுத்து முதல் எழுத்தைவிட ஒரு நூல் தணிந்திருக்கும். ஒவ்வொன்றையும் போன எழுத்தைவிட மேலே வைக்கிறோம் என்று நினைத்துப் பாடினால்தான் அதே இடத்தில் நிற்கும்.

ஒரு கல்யாண விருந்துக்குப் பாடப்போனோம். மண்டபம் பழையது. ஒத்திகையிலேயே ஆறு கட்டைப் பாட்டு விழுந்து விழுந்து போனது. மாஸ்டர் முகம் கறுத்தது. எனக்கு மட்டும் அடியில் ஏதோ இரைச்சல் கேட்டது. கைபேசியை எடுத்து அளந்தேன்: 100 ஹெர்ட்ஸ். மேடைக்கு மேலே இருந்த பழைய குழல்விளக்குகளின் சோக்கு. மலேசிய மின்சாரம் 50 சுழற்சி என்பதால் அவை அதன் இரட்டிப்பில் முனகும். எங்கள் பாஸ்கள் 110இல் நிற்கவேண்டியவர்கள். பக்கத்திலேயே 100இல் யாரோ நாள் முழுக்க ஒரே சுரம் பாடிக்கொண்டிருந்தால் காது அங்கே சாய்கிறது. இது என் ஊகம்தான், லாரி அண்ணன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மண்டபத்துக்காரரிடம் கெஞ்சி அந்த வரிசை விளக்கை அணைக்கச் சொன்னோம். அரை இருட்டில் நின்று பாடினோம். சுருதி நின்றது. விருந்தாளிகள் இது ஏற்பாடு செய்த நாடகம் என்று நினைத்துக் கைபேசி விளக்கை ஏற்றி ஆட்டினார்கள். பெண்ணின் தகப்பனார் மாஸ்டரிடம் வந்து, "லைட்டிங் பிரமாதம் சார்" என்று கைகொடுத்தார்.

எங்களுக்குப் பிடித்த மேடை எது என்று கேட்டால் நான் ஐந்தடியைத்தான் சொல்வேன். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்னால் வரிசையாக ஓடும் அந்த மூடிய நடைபாதை. தரையில் ஓடு, பக்கத்தில் செங்கல் சுவர், தலைக்கு மேலே தாழ்ந்த கூரை, ஒருபக்கம் மட்டும் திறப்பு. குரல் எங்கும் ஓடாமல் திரும்பி வரும். பயிற்சி முடிந்து இறங்கியதும் நாலு பேர், ஐந்து பேர் அங்கே நின்று பாட்டின் கடைசி வரியை மட்டும் பாடுவோம். டேக் என்பார்கள். ஒருவர் தன் சுரத்தில் நின்றுகொள்ள மற்றவர்கள் அவரைச் சுற்றி ஏறி இறங்கி வந்து சேரும் வரி. தாள் இல்லாமல் வாய்வழியாகவே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது. அங்கேதான் அந்த ஐந்தாவது குரல் தவறாமல் வரும். மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் பாதி நாள் வராது. இரவு பதினொன்றரைக்கு, சாத்திய கடைக்கு முன்னால், மோட்டார் சைக்கிள் போய்வருகிற இடத்தில் வரும். ஒருமுறை மாடி ஜன்னலைத் திறந்து ஒரு சீனப் பாட்டி எட்டிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கத் தயாரானோம். அவர் கையைச் சுழற்றி மறுபடி பாடச் சொன்னார்.

போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் எல்லோரும் முடி வெட்டிக்கொள்ளவேண்டும் என்று மாஸ்டர் உத்தரவு. லிட்டில் இந்தியா பக்கம் நான் வழக்கமாகப் போகிற கடைக்குப் போனேன். பினாங்கில் தமிழ் முடிதிருத்தும் கடைகளுக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்த அரசாங்கம் 2023இல் முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்றது. கடைக்காரர் அண்ணன் மட்டும் இன்னும் இரண்டு நாற்காலியில் ஒன்றைக் காலியாகவே வைத்திருக்கிறார். மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு ஓடியது. நான் போனபோது காத்திருக்கும் பெஞ்சில் லாரி அண்ணனும் காவடி நண்பரும் எங்கள் லீட் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிவைத்து வரவில்லை, மாஸ்டரின் கெடு அப்படி.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்காரர் கழுத்தில் துணி கட்டி, பின்னங்கழுத்தில் நுரை போட்டு, புதுப் பிளேடு மாட்டினார். பெஞ்சில் லாரி அண்ணன் விளையாட்டுக்கு அடிச்சுரத்தைப் பிடித்தார். லீட் ஏறினார். காவடி நண்பர் மேலே போய் நின்றார், ஆணி அடித்த மாதிரி. கடைக்காரர் கையை நீட்டி வானொலியைத் தணித்தார். மூன்று குரலும் என்னைக் காத்துக்கொண்டு நின்றன. கண்ணாடியில் மூன்று பேரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டே நிஷாதத்தை எடுத்தேன். கொஞ்சம் உயரமாகத்தான் வந்தது. மணல் அரைபட்டது. கீழே வர ஆரம்பித்தேன்.

"அண்ணே," என்றார் கடைக்காரர், பிளேடைக் கழுத்திலிருந்து எடுக்காமல். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கழுத்த ஆட்டாதீங்க."